கட்டிலுக்கு இரண்டு பேர்

பிழைக்க வந்தவர்கள் தங்கும் அந்தக் கட்டடத்தில் கட்டிலுக்கு இரண்டு பேர். என் கட்டிலில் இரவு நான். பகலில், இரவு ஷிப்ட் முடித்து வரும் வெல்டர் அண்ணன். ஒருவர் சூடு ஆறுவதற்குள் மற்றவர் படுத்துவிடுவார்.

போன மாதம் வேலையிடத்தில் சாரம் சரிந்து அண்ணன் செத்துப்போனார். சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பிவைத்ததே நான்தான். அதற்குப் பிறகும், மாலையில் நான் திரும்பும்போது படுக்கை சூடாகவே இருந்தது.

இன்று எனக்குக் காய்ச்சல். காலை எட்டு மணியாகியும் எழுந்திருக்கவில்லை. முதுகுப் பக்கம் கட்டில் அமுங்கியது. வெல்டிங் புகை நாற்றம்.

"இன்னும் வேலைக்குக் கிளம்பலையா தம்பி?" என்றார் அண்ணன்.

"காய்ச்சல்ணே. லீவு கேக்கலாம்னு..."

"செத்த எனக்கே குடுக்கல. உனக்கா குடுக்கப்போறானுங்க?"

எழுந்து சட்டையை மாட்டினேன்.