வலைமேல் முப்பது பேர்

"எடை ஏத்திப் பாக்காம இதைத் திறக்க விடமாட்டேன்" என்றார் நகராட்சி அதிகாரி அக்பெகோ.

லோமே நகர அருங்காட்சியக முற்றத்தில், தேக்குக் கம்பங்களுக்கு நடுவே ஆளுயரத்தில் தொங்கியது அந்தக் கயிற்று வலை. மூன்று வாரம் மட்டும் நிற்கப்போகிற கட்டடம். தரையே வலைதான். ஒருவர் குதித்தால் பக்கத்தில் இருப்பவர் எழும்புவார்.

கட்டியவள் செனாம். மாலையில் திறப்புவிழா. எடைக்குச் சொல்லியிருந்த மணல் மூட்டைகளோ துறைமுகச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தன.

"தாங்கும் ஐயா."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

அதிகாரி மசியவில்லை.

செனாம் ஒதுங்கிப்போய், நான்கு வருடமாகத் தொடாத ஓர் எண்ணை அழுத்தினாள். பெரிய சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மா. கடையைப் பார்க்காமல் கட்டடம் கட்டப் போகிறவள் இனி என் வாசலை மிதிக்கக்கூடாது என்று சொன்ன அம்மா.

"அம்மா, எடைக்குச் சொன்ன மணல் மூட்டை வரலை. கொஞ்சம் கனமான ஆளுங்க வேணும்."

 "எத்தனை பேரு?"

அரை மணி நேரத்தில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. முப்பது சந்தைக்காரிகள் இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மா, மகள் பக்கமே திரும்பாமல் அதிகாரியிடம் போனாள்.

"மூட்டை கேட்டீங்களாமே, வந்துட்டோம். எண்ணிக்குங்க. தூக்கிப் பாத்துடாதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்."

சிரிப்பும் கும்மாளமுமாகச் செருப்புகளைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். வலை தாழ்ந்தது. கயிறுகள் முனகின. "மெதுவா, மெதுவா" என்று கத்தினார் அதிகாரி.

செனாம் குனிந்து வலைக்கு அடியில் போனாள். நட்டநடுவில் மல்லாந்து படுத்தாள்.

அம்மா கண்ணிகளின் வழியே கீழே பார்த்தாள். மகள் படுத்திருப்பதைப் பார்த்தாள்.

"குதிங்கடி!" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக அவளே குதித்தாள்.

முப்பது பேரும் பாட்டுக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வலை செனாமின் நெற்றிவரை இறங்கி இறங்கி ஏறியது. ஒரு முடிச்சும் நெகிழவில்லை.

"போதும் தாயே, போதும்! தாங்குது!" என்றார் அதிகாரி.

படுத்த வாக்கில் அப்போதுதான் செனாம் கவனித்தாள். வீட்டு விசேஷத்துக்கு உடுத்துவதுபோல, மேலே அத்தனை பேரும் ஒரே மாதிரித் துணியில் தைத்த உடுப்பில் இருந்தார்கள். நீலத்தில் வெள்ளைக் கண்ணிகள். கஞ்சி மடிப்பு இன்னும் கலையாத புத்தம்புதுத் துணி.

முப்பது உடுப்புகளை அரை மணி நேரத்தில் எந்தத் தையல்காரராலும் தைக்க முடியாது.

அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"விழாவுக்கு இந்தப் பேன்ட்டோட நிக்காதே. உனக்கும் தைச்சு வச்சேன். அளவு பழசு. இறுக்கிப் பிடிச்சா பிரிச்சு விட்டுக்கோ."