உடனுக்குடன் பதில்

அடுப்படியில் போன் அதிர்ந்ததுமே அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தும் துடைக்காமலும் ஓடினாள். 'சாப்பிட்டியா?' என்று வந்திருந்தது.

காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. ஆனாலும், 'ஆச்சும்மா. நீ மாத்திரை போட்டியா?' என்று மளமளவென்று தட்டி அனுப்பினாள்.

அடுத்த அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "பாத்தியாம்மா! அனுப்பிட்டு இன்னும் கையை எடுக்கல, அதுக்குள்ள என் புள்ள பதில் போட்டுட்டான்."

"பின்ன? உங்க மேல அவருக்கு அவ்வளவு மரியாதை அத்தை" என்றாள் மருமகள், அவனுடைய போனை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டே.

"நல்ல மரியாதை! முன்னெல்லாம் நாலு தடவை கேட்டாத்தான் அவன்கிட்டேருந்து ஒரு 'ம்' வரும்."

கப்பல் எஞ்சினீயரான அவன் கடலில் தவறி விழுந்தபோது மாமியார் இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிர்ச்சி ஆகவே ஆகாது என்றுவிட்டார் டாக்டர். உடல் கிடைக்கவில்லை, அவனுடைய பெட்டியும் போனும்தான் வீடு வந்து சேர்ந்தன. கப்பலிலிருந்து பேச முடியாது, மெசேஜ் மட்டும்தான் என்று அன்று சொன்ன பொய் இன்றுவரை ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கடைசியாக இவளுக்கு அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டு, கைவேலை முடியட்டும் என்று பதில் போடாமல் விட்டிருந்தாள். அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனால் அவன் பெயருக்கு வரும் எதையும் அவள் ஒரு நிமிஷம்கூடக் காக்க வைப்பதில்லை. சில சமயம், தட்டுவது தன் விரல்தானா என்றே பயமாக இருக்கும்.

இன்று டாக்டர், "இனிமே சொல்லிடலாம், தாங்குவாங்க" என்று சொல்லியிருந்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு மாமியாரின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை... உங்க புள்ள..." போனை மாமியாரின் முன்னால் வைத்தாள்.

மாமியார் அந்தப் போனையே பார்த்தாள். "தெரியும்மா. முதல் தடவை உடனே பதில் வந்துச்சே, அன்னைக்கே அவன் இல்லேன்னு புரிஞ்சுபோச்சு."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் அத்தை தினமும் சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

மாமியார் அவளுடைய மெலிந்த கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான்மா கேட்டேன்."