குழாயின் மறுமுனை

குட்டி விமான மாடல்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதுதான் இன்பராஜுக்குப் பொழுதுபோக்கு. பெயிண்ட் நெடி கிளிக்கு ஆகாதென்று கூண்டைப் பால்கனியில் மாட்டினார். அறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். அது நெடியையெல்லாம் உறிஞ்சிக் குழாய் வழியே அதே பால்கனிக்குத் தள்ளியது. அறையில் துளி வாசனை இல்லையென்று அவர் மெச்சியதில் ஃபேனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க," என்று கெஞ்சியது குழாய். "என் வாய்க்கு நேரா கிளி இருக்கு. மூச்சு முட்டிக் கத்துது."

"நம்ம ரூம் சுத்தமா இருக்குல்ல? அப்புறம் என்ன?" ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றியது.

இரண்டாவது விமானத்துக்குப் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் குழாய் மறுபடி கூப்பிட்டது. "அண்ணே, கிளி இப்போ கத்தல. கூண்டுக்குள்ள மல்லாந்து கிடக்குது."

"பாத்தியா," என்றது ஃபேன், "பழகிடுச்சு."