உறையைப் பிரித்தவன்

"பாத்தியா! மறுபடியும் பிரிச்சிருக்கான்!"

படகின் பின்மூலையில் மண்டியிட்டபடி கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார். போன ஞாயிற்றுக்கிழமை படகை மூடும் உறையின் கடைசிப் பொத்தானில் அவர் சுற்றி வைத்த வெள்ளை நூல் இரண்டாக அறுந்து தொங்கியது.

மனைவி சாப்பாட்டுக் கூடையோடு படகுத்துறைப் பலகையில் நின்றாள். "காத்துல அறுந்திருக்கும்ங்க."

"காத்து வந்து முப்பத்தாறு பட்டனையும் கழட்டி, ஒண்ணு விடாம திரும்ப மாட்டிட்டுப் போகுமா? உன் தம்பி வேலைதான் இது. துறையில வேற யார்கிட்ட இந்தப் படகுக்குச் சாவி இருக்கு?"

அது அவரும் மைத்துனனும் கூட்டாக வாங்கிய மிதவைப் படகு. இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம், அதில் சோபா போல வெள்ளை ரெக்ஸின் இருக்கைகள். ஆறு மாதம் இவருக்கு, ஆறு மாதம் அவனுக்கு என்பது பேச்சு. இப்போது நடப்பது இவருடைய ஆறு மாதம். அதில் அவன் விரல்கூடப் படக்கூடாது என்பது இவர் கட்சி.

அன்றைய சவாரி முழுக்கப் புலம்பல்தான். ஏரியைப் பார்த்ததைவிட அவர் பெட்ரோல் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். முள் போன வாரம் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

"எடுத்துட்டுப் போயிருந்தா பெட்ரோல் குறைஞ்சிருக்கணுமேங்க?"

"அளவு பாத்து ஊத்தி வச்சிருக்கான். எமகாதகன்!"

மனைவி கூடையைத் திறக்கவே இல்லை. இவருக்கும் பசிக்கவில்லை, கோபத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் கரைக்கு வந்ததும் குழாயைப் பிடித்து இருக்கைகளைப் பளிச்சென்று கழுவி, கையோடு உறையை இழுத்துப் போட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரல் சிவந்து வீங்கியது.

"பக்கத்துப் படகைப் பாரு. சீட்டு பூராவும் கறுப்புப் புள்ளி, பூஞ்சை. நம்ம சீட்டுல ஒரு புள்ளி காட்டு பாப்போம்! இப்படிப் பொத்திப் பொத்தி நான் வைக்கிறேன், அவன் ஓசியில அனுபவிக்கிறான். எனக்கு என்ன தலையெழுத்து?"

வெளியே போகும்போது வாயில் காவலாளியைப் பிடித்து விசாரித்தார்.

"உங்க மச்சினரா? திங்கக்கிழமை மத்தியானம் வருவாரே. ஒரு வாரம்கூடத் தவறினதில்ல."

கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. கார் கதவை அறைந்து சாத்தினார்.

"கேட்டியா? நாளைக்குக் கடைக்கு லீவு. கையும் களவுமா பிடிக்கிறேன். அதோட எல்லாம் தீந்துது. படகும் வேண்டாம், உறவும் வேண்டாம். உன் தம்பி இனிமே நம்ம வீட்டுப் படி ஏறக்கூடாது."

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க." அவள் காருக்குள் ஏறாமல் நின்றபடியே சொன்னாள்.

அவர் காதில் விழாதவர் போல வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் மத்தியானம், வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அவள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

படகுத்துறையில் அவர் நினைத்தது நினைத்தபடியே இருந்தது. உறை முழுவதும் பிரிந்து ஓரமாகச் சுருண்டு கிடந்தது. ஏசி மெக்கானிக்கின் நீலச் சட்டையோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மைத்துனன் மெத்தைகளைக் கழற்றிக் கம்பியில் சாய்த்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் அசடு வழிந்தான்.

"வாங்க அத்தான். நீங்க எங்க இன்னிக்கு?"

"என் படகுக்கு வர உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு மாசமா வரேன் அத்தான். அது வந்து..."

"வெக்கமில்லாம சொல்றான் பாரு! என்னோட ஆறு மாசத்துல உனக்கு இங்க என்ன வேலை?"

"அத்தான், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லிக் கிழிக்க வேண்டாம். சாவியை எடு!"

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அத்தானின் உள்ளங்கையில் வைத்தான்.

"இதோட முடிஞ்சுது. இனி உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கிளம்பு!"

இத்தனை நாள் ஆத்திரத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்த களைப்பில், பின்பக்கத்து நீள இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார். பேன்ட்டின் பின்புறம் தொப்பலாக நனைந்து, தண்ணீர் கால் வழியே செருப்புக்குள் இறங்கியது.

"என்னடா இது! எவனெவனைக் குளிச்ச ஈரத்தோட கொண்டுவந்து உக்கார வச்சே?"

மைத்துனன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"நேத்து நீங்க கழுவி, ஈரத்தோட மூடிட்டுப் போனது அத்தான்... அந்த ஒரு சீட்டை மட்டும் நான் இன்னும் தொடைக்கல."