உஷ்!

முதலாளி போன ஞாயிற்றுக்கிழமை கொள்முதல் மேலாளரை கோல்ஃப் ஆட அழைத்துப் போனதிலிருந்து, விற்பனை மேலாளருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட அந்த ஆளுக்குத் தெரியாது. அவனைப் போய்க் கூப்பிடுறார்!" என்று மனைவியிடம் பொருமினார்.

"விடுங்க, ஒரு நாள் ஆட்டம்தானே?"

"ஆட்டமா? மறுநாளே ரூமைக் காலி பண்ணிட்டான். தலைமை ஆபீஸுக்குத் தூக்கி வச்சிருப்பாங்க. இந்நேரம் கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பான்."

"அப்ப நீங்களும் கத்துக்குங்க."

அவரும் விடவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்து விதிகளை நெட்டுருப் போட்டார். அடுத்தவர் அடிக்கும்போது அசையக் கூடாது. நம் நிழல் அவர் பந்தின் மேல் விழக் கூடாது. முக்கியமாக, மூச்சுக் காட்டக் கூடாது.

சனிக்கிழமை முதலாளியே அறைக்கு வந்தார். "நாளைக்கு கோல்ஃப் ஆட வர்றீங்களா?"

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மைதானத்தில் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. மட்டை பெயர்த்த புல்லைக்கூட எடுத்து வைத்து அழுத்தினார். முதலாளி அசந்துபோனார்.

"பிரமாதம்! விதியெல்லாம் அத்துப்படியா இருக்கே!"

"ஏதோ, உங்க ஆசீர்வாதம் சார்."

"நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

"சா..." என்று அலற வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒருவர் பந்தடிக்க மட்டையை ஓங்கியிருந்தார். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

முதலாளி திருப்தியோடு தலையாட்டினார்.

"ஆபீஸ்ல சொன்னா எல்லாரும் கத்துறாங்க. அதான் இங்க கூட்டிட்டு வர்றேன். போன வாரம் அவரும் இதே இடத்துல கத்திட்டார். பாவம், விதி தெரியாத மனுஷன்."