வெல்லம் போட்ட சாம்பார்

மூன்றாம் நம்பர் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் வைத்ததும் சீனிவாசராகவன் சொக்கிப்போனார். ஆசையாக இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அப்போதுதான் பிடிபட்டது, வெல்லம்!

'கன்னடக்காரா ஆத்துச் சாம்பார்னா இது!' என்று தன் நாக்கையே அதட்டினார். பத்துக்கு இரண்டு மார்க் போட்டுத் தாளை மடித்தார்.

அபார்ட்மெண்ட் சாம்பார் போட்டிக்கு இந்த வருஷம் அவர்தான் ஒரே நடுவர். கிண்ணத்தில் நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. போன இரண்டு வருஷமும் கோப்பை கன்னடக் குடும்பங்களுக்கே போயிற்று. இரண்டு தடவையும் இரண்டாவதாக வந்த அவர் மனைவி ருக்கு, மேடையில் சிரித்துவிட்டு வீட்டில் வந்து அழுதாள்.

காலையில் அவளிடம் கெஞ்சிப் பார்த்தார். "உன் நம்பரை மட்டும் சொல்லேன், ருக்கு."

"மாட்டேன். நியாயமாப் போடுங்கோ. ஜெயிச்சா அப்படி ஜெயிக்கணும்."

போகட்டும், நம்பர் எதற்கு? தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம் என்றாலும் நாக்கு தமிழ் நாக்குத்தானே. கும்பகோணத்து உறவுக்காரர்கள் வீட்டில் சாப்பிட்டால் மட்டும் அது எரியும், அது வேறு விஷயம்.

ஐந்தாம் நம்பர் தொண்டையைப் பிடித்தது. இருமி, கண் கலங்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஆனால் துளி வெல்லம் இல்லை! போட்டிக்காக ருக்கு காரத்தைக் கூட்டியிருக்கிறாள், கெட்டிக்காரி. பத்துக்குப் பத்து.

செயலாளர் சுஹாஸ் மைக்கைப் பிடித்தார். "ஃபர்ஸ்ட் பிரைஸ், அஞ்சாம் நம்பர். வடகர்நாடகக் காரம், நம்ம ஹுப்ளி ரக்ஷா!"

சீனிவாசராகவன் கூட்டத்தில் ருக்குவைத் தேடினார்.

"சார் தமிழ்னு பார்க்கலை, கன்னடம்னு பார்க்கலை. ருசியை மட்டும்தான் பார்த்தாரு!" என்றார் சுஹாஸ். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நியாயவான் என்று சொல்லி அவர் தலையில் மைசூர்த் தலைப்பாகை வைத்தார்கள். கடைசி வரிசையில் ருக்குவும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அவளுடையது எந்தக் கிண்ணம் என்று கேட்க வாய் வரவில்லை.

ருக்கு சாதத்தைப் பரிமாறிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

"மூணாம் நம்பர் நிறைய மிச்சமிருக்கு. விடட்டுமா?"