இரண்டாவது பதினைந்து நிமிடம்

பன்னிரண்டரை மணிச் சங்கு ஊதியதும் எலியாஸ் பட்டனை அழுத்தினான்.

ஷட்டர் திறந்தது. இனிப் பதினைந்து நிமிடம் அது திறந்தேதான் இருக்கும்.

லென்ஸுக்கு முன்னால் இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை மாட்டியிருந்தான். உச்சி வெயிலை அவை சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடும். நடந்துபோகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். சுவர், தூண், பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைத்த தோல்கள் என்று அசையாதவை மட்டும் தங்கும்.

ஷூ கம்பெனி மேனேஜர் கோதண்டராமனுக்கு வேண்டியதும் அதுதான். சரக்கு வாங்கும் இத்தாலிக்காரன் தன் கேட்டலாக்குக்கு ஆளில்லாத முற்றத்தைக் கேட்டிருந்தான். அதற்காக வேலையை நிறுத்தினால் அன்றைய சரக்கு போகாது. அதனால் காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் யாரும் நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

"அப்போ சோறும் நடந்துகிட்டேதான் சாப்புடணுமா சார்?" என்று தையல் பிரிவு சைரா கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார் கோதண்டராமன்.

எலியாஸுக்கு முற்றம் காலியாக இருக்க வேண்டாம். அதில் ஒருத்தி வந்து நிற்க வேண்டும்.

ஃபீபி. அவன் மனைவி. இதே கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள். நான்கு மாதமாக ஆலங்காயத்தில் அம்மா வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போகிறாள். அவன் போனை எடுப்பதில்லை.

இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள். ஒரு மணி வேனில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறாள். அங்கேயே வேலை, அங்கேயே ஹாஸ்டல். போனால் திரும்ப மாட்டாள்.

நேற்று சைராவிடம் சொல்லி அனுப்பியிருந்தான். சாப்பாட்டு நேரம் முழுக்க முற்றத்தில்தான் இருப்பேன், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும் என்று.

அம்மா வீட்டுக்கு எதற்குப் போனாள் என்று யாராவது கேட்டால், சண்டையெல்லாம் ஒன்றுமில்லை என்பான். அப்படித்தான் நம்பினான். நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, பழைய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏலகிரி, பாலாறு என்று அலைந்தான். அவளை வீட்டில் போட்டுவிட்டா போனான்? எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டுதான் போனான்.

இன்றைக்கு வைத்திருந்தது ஃபிலிம் கேமரா இல்லை. சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த மீடியம் ஃபார்மட் என்னும் பெரிய டிஜிட்டல் கேமரா. செங்கல் கனம். சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பில் ஸ்டாண்டைப் போட்டு, அதன் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து முற்றம் முழுக்கத் தெரிந்தது.

அவள் முன்னால் வந்து இரண்டு நிமிடம் நின்றால் நிழலாக விழுவாள். ஐந்து நிமிடம் நின்றால் முகம் தெரியும். படம் கெடும். கோதண்டராமன் கத்துவார்.

கத்தட்டும்.

பச்சை யூனிபார்ம் கும்பல் கும்பலாகக் கடந்தது. ஒருத்தி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். எலியாஸ் எட்டிப் பார்த்தான். அவள் நிமிர்ந்தாள். வேறு யாரோ.

பதினைந்து நிமிடம் முடிந்து ஷட்டர் மூடியது.

இந்தக் கேமராவுக்கு அதோடு வேலை முடியாது. மூடிய ஷட்டரோடு இன்னொரு பதினைந்து நிமிடம் வெறும் இருட்டைப் படமெடுக்கும். அந்தக் கறுப்புப் படத்தில் கேமராச் சூட்டால் விழும் வெள்ளைப் புள்ளிகளை வைத்து முதல் படத்தின் புள்ளிகளைத் துடைக்கும். அதுவரை கரண்டைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான். முன்னால் யார் நின்றாலும் கூத்தடித்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

எலியாஸ் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. முற்றத்திலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. கடைசி நிமிடத்தில் வருவாள் என்று நினைத்தான்.

கேட்டுப் பக்கம் வேன் ஹார்ன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மணிச் சங்கு ஊதியது.

லேப்டாப்பில் படம் வந்தது. முந்நூறு பேர் நடந்த முற்றம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தான். ஒரு கறை கூட இல்லை.

கோதண்டராமன் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு ஈ காக்கா இல்லபா," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சைரா, கழுவிய டிபன் பாக்ஸோடு பேக்கிங் ரூம் கதவு வழியாக மேடைக்கு வந்தாள். "இன்னாண்ணா நீ? கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசல?"

"வந்தாத்தானே பேச."

சைரா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"உன் பின்னாடிதாண்ணா நின்னா. இந்தக் கதவாண்ட. மொத சங்கு ஊதுனதுலேர்ந்து வேன் ஹார்ன் அடிக்கற வரைக்கும். சோறு கூட துன்னல. கூப்புடுடின்னு நான் எவ்ளோ சொன்னேன். 'கேமரா ஓடறப்போ வாயத் தொறந்தா அடிப்பாரு அக்கா'ன்னா."

எலியாஸ் கதவைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான்.

"ரெண்டாவது பதினஞ்சு நிமிஷம் ஷட்டர் மூடித்தானே இருந்துது," என்றான். "அப்போ பேசியிருக்கலாம்."